தைலமரத்து நெருப்பும் ஒரு டம்ளர் தண்ணீரும்

காஞ்சிபுரம்,
போகிப் பண்டிகை.

அன்புத் தங்கை சங்கரிக்கு அண்ணன் சிவராஜ் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி வடிவாம்பாளும் மகள் சங்கீதாவும் தறியும் சௌக்கியம். அங்கே மாப்பிள்ளை, பிள்ளைகள் சுகத்தையும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் அறிய ஆவல். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய் என்றுதான் எழுதுகிறேன். சங்கீதா போட்டோ எடுத்து அனுப்புவாள்.

ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீக் காலம் வந்துவிட்டது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு வேலையில் கவனமில்லை. நாம் தலைவலிக்குத் தேய்க்கிற தைலம் அங்கே மரத்தோடு நின்று எரியுமாமே, உண்மையா? அப்போது ஊரே சளி பிடித்தவர் வீடு மாதிரி மணக்குமா? இன்றைக்கு எவ்வளவு ஆபத்து என்று காட்ட ரோட்டோரம் முள் வைத்த பலகை நிற்கிறதாமே, அந்த முள்ளை யார் வந்து நகர்த்துவார்? கூரையில் சேர்ந்த சருகை அள்ளுவது, வாசலில் பையைக் கட்டி வைப்பது எல்லாம் சரி. ஆனால், "அவங்கல்லாம் முன்னாடி போவட்டும் அண்ணா, நான் வீட்டுமேல தண்ணி அடிச்சுக்கினு இருக்கறேன்" என்றாயே, அதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். வீடு போனால் கட்டலாம். நீ போனால் உன்னை எந்தத் தறியில் நெய்வது?

சொன்னவுடன் கிளம்புவது அப்படி என்ன கஷ்டம் என்று பார்க்க, நேற்று இங்கேயே ஒத்திகை வைத்தேன். "நெருப்பு!" என்று நான் கத்த, உன் அண்ணி பையோடு வாசற்படி இறங்கினாள். எதிர்வீட்டு ஜரிகை வியாபாரி சனாவுல்லா பாய், "இன்னா பா, குடும்பத்தோட எங்க கிளம்பிட்டீங்க?" என்றார். அவ்வளவுதான். "போச்சு, எங்கன்னு கேட்டுட்டாரு! உக்காந்து தண்ணி குடிச்சுட்டுத்தான் போவணும்" என்று வடிவாம்பாள் உள்ளே திரும்பிவிட்டாள். வீடு பற்றி எரிகிறதாம், இவள் நடுவே உட்கார்ந்து டம்ளரைத் தேடுகிறாள்! ஒருவழியாகக் குடித்து எழுந்தால் ராகு காலம் பிறந்துவிட்டது. பாய்க்கு மனசு கேட்கவில்லை. "மெய்யாலுமே நெருப்பு வந்தா நான் வாயே தொறக்க மாட்டேன் பா" என்று சத்தியம் செய்தார்.

ஆகையால் தங்கையே, பலகையில் முள் ஏறினால் யாருக்கும் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதே. நான் நெய்து கொடுத்த கல்யாணப் புடவையைக்கூடத் தேடாதே. பிள்ளைகளோடு கிளம்பிவிடு. ஏகாம்பரநாதரும் காமாட்சியும் உங்கள் கூரைமேல் ஒரு கண் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் சிவராஜ்

பின்குறிப்பு: இதை மடித்து வைத்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தேன். காலையில் யாரோ கொளுத்திய போகி நெருப்பு அணையாமல் கிடந்து, பின்மனையின் காய்ந்த புல்லில் ஏறிவிட்டது. சனாவுல்லா பாய் சத்தியம் தவறாமல் வாயை இறுக மூடிக்கொண்டு, வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். உன் அண்ணி டம்ளரைத் தொடாமல் சங்கீதாவோடு தெருவுக்கு ஓடிவிட்டாள். நான்தான் போகவில்லை. முந்தானை முடிய ஒரு சாண்தான் பாக்கி. "நீங்க முன்னாடி போங்க, நான் தறியப் பாத்துக்கினு இருக்கறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று உறைத்தது. வடிவாம்பாள் திரும்பி வந்து சட்டையைப் பிடித்து இழுத்துப்போனாள். நல்லவேளை, புல்லோடு போயிற்று. உங்கள் ஊரில் காற்று திரும்புகிற அன்றைக்கு உடனே போன் செய். நான் பேசப் போவதில்லை. போனை உன் அண்ணியிடம் கொடுக்கிறேன்.