வாரிசு விசாரணையில் நான் சேர்க்கப் பார்த்த நாலாவது பெயர்

அன்று எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: கிராம நிர்வாக அலுவலர், அவருடைய உதவியாளர், என் அம்மா, அக்கா செல்வி, சாட்சி சொல்ல வந்த பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணன், நான். ஆறு பேர். அக்காவின் செல்போனில் பெங்களூரிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த மாமாவையும் சேர்த்தால் ஏழு. இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம், இந்தக் கதையைப் பிறகு கேள்விப்பட்ட நாற்பது பேராவது தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இல்லை. ஏழு பேர்தான்.

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வேங்கிக்காலைத் தாண்டி அவர் பெயரில் எண்பது சென்ட் நிலம் இருக்கிறது. அதில் ஒரு மூலையில் அக்கா வீடு கட்டுவதாக ஏற்பாடு. செத்தவர் பெயரில் இருக்கும் பட்டாவை வைத்துக் கடன் தர முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்றுவதற்கு முதலில் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இறந்தவருக்கு இன்னின்னார்தான் வாரிசு, வேறு ஒருவரும் இல்லை என்று தாலுகா ஆபீசில் கொடுக்கிற தாள் அது. அதற்கான விசாரணைக்குத்தான் வி.ஏ.ஓ. வந்திருந்தார். அம்மா, அக்கா, நான் என்று மூன்றே பெயர். பத்து நிமிட வேலை. அக்கா ஜன்னல் கம்பிக்கு டிசைன்கூடப் பார்த்து வைத்திருந்தாள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன். செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் சாவி கொடுப்பது, தண்ணீர் மோட்டார் போடுவது என் வேலை. பயம் கூடவே பிறந்தது. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பேன். (பார்க்கும்போது கை பட்டுத் திறந்திருக்குமோ என்று மறுபடியும் வந்திருக்கிறேன்.) இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டபோது, தவறான தகவல் தந்தால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று அடியில் ஒரு வரி இருந்தது. அங்கே இருந்த பெண்ணிடம், “இது நமக்காம்மா?” என்று கேட்டேன்.

“எல்லா ஃபாரத்துலயும் இருக்குங்கண்ணா. யாரும் படிக்கமாட்டாங்க.”

நான் படித்துவிட்டேனே.

எனக்குள் ஒரு விஷயம் எட்டு மாதமாக ஊறிக்கொண்டிருந்தது. அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மா வந்திருந்தார். படத்துக்கு எதிரில் உட்கார்ந்து என் அத்தைகளைவிட ஜாஸ்தியாக அழுதார். சாப்பிடாமல் போய்விட்டார். யாரென்று யாருக்கும் தெரியவில்லை. அவரவர் மற்றவருடைய சொந்தம் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் அப்படி விடவில்லை. அப்பா அடிக்கடி போளூர்ப் பக்கம் போய்வந்தது ஞாபகத்துக்கு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த அம்மாவுக்கு ஓட்டு வீடு ஒன்றைக் கட்டினேன், இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தேன், எண்பது சென்ட்டை ஆறு பேருக்கு வகுத்தும் பார்த்தேன். (பதின்மூன்று சென்ட் சொச்சம் வருகிறது.)

வி.ஏ.ஓ. முதலில் அம்மாவைக் கேட்டார். “உங்களுக்கு எத்தினி பசங்கம்மா?”

“பொண்ணு ஒன்னு, புள்ள ஒன்னுங்க சார்.”

“வேற யாராவது இருக்காங்களா?”

“இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க. யாரும் இல்ல.”

ஏழுமலை அண்ணனும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எல்லாம் முடிந்தது. வி.ஏ.ஓ. எழுதிக்கொண்டே சும்மா ஒரு பேச்சுக்கு என் பக்கம் திரும்பினார். “உனக்குத் தெரிஞ்சு வேற வாரிசு கிடையாதில்லப்பா?”

இல்லைங்க சார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும். விண்ணப்பத்தின் அந்த அடிவரி கண்முன் வந்தது. வேலூர் ஜெயில் வந்தது. நான் சொன்னேன்: “சார், காரியத்தன்னிக்கு ஒரு அம்மா வந்து அழுதாங்க சார்.”

வி.ஏ.ஓ. பேனாவை மூடினார்.

“எந்த அம்மா?”

“தெரியல சார். பச்சைப் புடவை.”

ஏழுமலை அண்ணனுக்கு அந்நேரம் பார்த்து ஞாபக சக்தி வந்தது. “ஆமாங்க சார், நானும் பார்த்தேன். போளூர் பஸ் ஏறுனாங்க.” செல்போனிலிருந்து மாமாவின் குரல்: “ஏய் செல்வி, என்ன சொல்றான் உன் தம்பி? சத்தமா சொல்லச் சொல்லு.”

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வி.ஏ.ஓ. எழுந்துவிட்டார். “இதைக் காதுல வாங்கிட்டு நான் எப்படிம்மா எழுதித் தரது? நாளைக்கு அந்த அம்மா வந்து நின்னா என் வேலை போயிடும். யாருன்னு விசாரிச்சிட்டு வாங்க.”

அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், போதுமா என்று கேட்கமாட்டாள். அதைவிடக் கஷ்டம், அப்பா படத்துக்குப் பூ வைப்பதை நிறுத்திவிட்டாள். அக்கா மட்டும்தான் பேசினாள். “அப்பா செத்து எட்டு மாசம் கழிச்சி அவருக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிட்டியேடா” என்றாள். வங்கியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது.

பத்தாம் நாள், அக்காவுக்கு ஒரு யோசனை தோன்றியது. பரணிலிருந்து காரியத்து மொய் நோட்டை எடுத்தாள். எங்கள் பக்கத்தில் காரியத்துக்கும் மொய் எழுதுவது உண்டு. யார் சொந்தம், யார் சொந்தமில்லை என்று அரசாங்கத்துக்குத் தெரியாவிட்டாலும் மொய் நோட்டுக்குத் தெரியும். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: மல்லிகா, போளூர்ப் பக்கம் ஒரு ஊர்ப் பெயர், நூற்று ஒன்று. வேறு எந்தப் பெயருக்கும் ஆள் தெரியாமல் இல்லை.

அந்த ஊருக்குப் போய் வீட்டைக் கண்டுபிடித்து, வி.ஏ.ஓ. கூப்பிடுகிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம்; மற்றதைக் கேட்க எங்களுக்குத் துணிவில்லை. அடுத்த திங்கட்கிழமை மல்லிகா அம்மா வி.ஏ.ஓ. ஆபீசுக்கு வந்தார். மொபெட்டில், ஒரு ஆளின் பின்னால் உட்கார்ந்து. அம்மாவும் வந்திருந்தாள். வரவேண்டாம் என்று சொன்னதற்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

வி.ஏ.ஓ. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். “நீங்க இறந்தவருக்கு என்ன வேணும்மா?”

“நான் ஒன்னும் வேணாங்க. அவரு எனக்கு மாட்டுக் காசு தரணும். பதினாலாயிரம்.”

எங்கள் வீட்டில் கறந்துகொண்டிருக்கிற மாடு அது. பாதி ரொக்கம் கொடுத்துவிட்டு, மீதியைப் பால் காசில் தருகிறேன் என்று சொல்லி அப்பா ஓட்டிவந்திருக்கிறார். தவணை கொடுக்கத்தான் போளூர்ப் பயணம். வீட்டில் மொத்தமும் ரொக்கம் என்று சொல்லியிருந்தார். மல்லிகா அம்மா மொபெட் ஆளைக் காட்டி, “இவருதான் என் வூட்டுக்காரரு. நல்லாத்தான் இருக்காரு” என்றார். அவர் வி.ஏ.ஓ.வுக்கு வணக்கம் வைத்தார்.

“அப்ப ஏம்மா அப்படி அழுதீங்க?” என்று நான் கேட்டேன்.

“பதினாலாயிரம் போச்சேன்னு அழுதேன்பா. சாவு வூட்ல காசு கேக்க முடியுமா? அதுக்கு மேல நூத்தியொன்னு மொய் வேற எழுதுனேன். வருஷ திவசம் ஆவட்டும், அப்புறம் கேக்கலாம்னு இருந்தேன்.”

அத்தனை நாளுக்குப் பிறகு அம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சு அங்கேதான். “நீ ஒம்போதாவதோட நின்னது நல்லதாப் போச்சுடா. பத்தாவது படிச்சிருந்தா இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்திருப்ப.” வி.ஏ.ஓ.வின் உதவியாளர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

தனக்கும் இறந்தவருக்கும் எந்த உறவும் இல்லை என்று மல்லிகா அம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய வீட்டுக்காரர் கேட்காமலேயே சாட்சிக் கையெழுத்தும் போட்டார். பிறகு சான்றிதழ் வந்தது, பட்டாவும் மூன்று பேர் பெயருக்கு மாறியது, அக்காவுக்குக் கடன் கிடைத்து வீடு மேல்தளம் வரை வந்துவிட்டது. இதெல்லாம் சுருக்கமாகச் சொல்லும்படி, எந்தக் குழப்பமும் இல்லாமல் நடந்தது. காரணம், அதற்குப் பிறகு எந்த ஆபீசுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ரேஷன் கார்டில் முகவரி மாற்றப் போனபோதுகூட, “நீ ஆட்டோவுலயே உக்காரு” என்றுதான் சொன்னார்கள்.

மாட்டுக் காசை மொத்தமாகக் கொடுத்துவிட அம்மா தயாராக இருந்தாள். மல்லிகா அம்மா வாங்கவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருவாராம். வரும்போது ஐந்நூறு கொடுத்தால் போதுமாம். மத்தியானமே வந்துவிடுவார். மாட்டைத் தடவிப் பார்ப்பார், எங்கள் வீட்டில் சாப்பிடுவார், அம்மாவோடு உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசிச் சிரிப்பார், சாயந்திரம் இருவருமாக மலை சுற்றக் கிளம்புவார்கள். அவர் தெருமுனையில் வரும்போதே அக்கா குரல் கொடுப்பாள்: “டேய், உன் சின்னம்மா வராங்க.” அவரும், “இன்னாப்பா, எனக்கு எத்தினி சென்ட்டு?” என்றுதான் உள்ளே நுழைவார்.

இதுவரை பதின்மூன்று பௌர்ணமி ஆகியிருக்கிறது. பாக்கி ஏழாயிரத்து ஐந்நூறு.