சூழலில் இடமில்லை

2003ஆம் ஆண்டு, தோட்ட மக்களுக்குப் பிறப்புப் பத்திரங்களை விரைந்து வழங்கும் உயரிய நோக்கோடு, ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில், காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பழைய கப்பல் கொள்கலன் ஒன்று இறக்கப்பட்டது. கதவு வெட்டி, கணினி வைத்து, அலுவலகம் என்று பெயரும் எழுதினார்கள்.

முதல் நாளே கணினி நின்றுவிட்டது. திரையில் ஆங்கிலத்தில் ஒரே வரி. அதன் பொருள்: 'சூழலில் இடமில்லை.'

தற்காலிக ஊழியர் பிரேமினிக்கு விஷயம் புரிந்தது. "சேர், புரோகிராம் எங்க இருக்கு, பிரிண்டர் எங்க இருக்குன்னு கணினி குறிச்சு வைக்கிற இடத்துக்குத்தான் சூழல்னு பேரு. அதைச் சின்னதா குடுத்திருக்காங்க. ஒரு எண்ணை மாத்துனா போதும்."

பொறுப்பதிகாரி ஜெயரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், விதி தவறாதவர்.

"பிள்ளை, கணினி எங்கட பொறுப்பு. சூழலுக்கு வேற பகுதி இருக்கு. அவையின்ர அனுமதி இல்லாமல் தொடக்கூடாது."

கடிதம் போயிற்று.

கொழுந்து பறிக்கும் வீரம்மா தினமும் வாசலில் வந்து நின்றாள். மகளுக்கு டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை. பிறப்புப் பத்திரம் இருந்தால்தான் அடையாள அட்டை.

"அட்டை இல்லாட்டி பரீட்சைக்கு விடமாட்டாங்களாம், ஐயா."

"முதல்ல சூழல் சரிவரட்டும், அம்மா."

மூன்று வாரம் கழித்து சூழல் பகுதியிலிருந்து இரண்டு அதிகாரிகள் அளவு நாடாவோடு வந்தார்கள். கொள்கலனைச் சுற்றி அளந்து, சூழலுக்கு இடமே இல்லை என்பதை உறுதிப்படுத்தினார்கள். உடனே நாற்பது தேயிலைச் செடிகள் பிடுங்கப்பட்டன. அங்கே மரம் நடுவிழா.

அன்று மலையிலிருந்து பாதி வேலையில் இறங்கி வந்த வீரம்மா, விழாவைப் பார்க்காமல் கொள்கலன் வாசலில் உட்கார்ந்து அழுதாள். ஜெயரத்தினம் வெளியே உரையாற்றிக்கொண்டிருந்தார். பிரேமினி உள்ளே போய் அந்த எண்ணை மாற்றினாள். பிரிண்டர் கரகரத்தது. வீரம்மா மகளின் பத்திரம் வந்தது.

சத்தம் கேட்டு ஜெயரத்தினம் உரையை நிறுத்தினார். "பாத்தியளே? மரம் நட்டுப் பத்து நிமிசம் ஆகேல்ல."

கூட்டம் கைதட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வீரம்மாவும் தட்டினாள்.

மரத்தால் கணினி குணமடைந்தது என்று அறிக்கை தயாரானது. சாட்சிக் கையெழுத்துக்குப் பிரேமினியிடம் நீட்டினார் ஜெயரத்தினம்.

"சேர், நான்தான் அந்த எண்ணை..."

"அனுமதி இல்லாமல் தொட்டனீரோ? உம்மட நிரந்தர நியமனமும் இந்தக் கோப்பிலதான் கிடக்கு."

பிரேமினி கையெழுத்திட்டாள்.

அடுத்த மாதம், அந்த அறிக்கையின்படி, இதே வரியோடு நின்றிருந்த மற்ற மலையகக் கொள்கலன் அலுவலகங்கள் எல்லாம் மரம் நட்டன. கினிகத்தேனைப் பக்கமிருந்து ஓர் ஊழியர் தொலைபேசியில் அழைத்தார்.

"மிஸ், ஆறு மரம் நட்டாச்சு. திரையில இன்னும் அதே வரிதான். வாசல்ல சனம் நிக்குது. என்ன செய்யலாம்?"

நிரந்தர ஊழியர் பிரேமினி, அறைக்குள் ஜெயரத்தினம் இருக்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள். இருந்தார்.

"தண்ணி ஒழுங்கா ஊத்துறீங்களா?" என்றாள்.