அப்பாவின் கப்பலில் பீரங்கி இல்லை

அன்பும் மரியாதையும் மிக்க அப்பாவுக்கு,

உங்கள் மகள் வணங்கி எழுதுவது. 'நலம்' என்று தொடங்குவதுதான் முறை என்பதால் நான் நலம். உங்கள் நலமும் கப்பலின் நலமும் உங்கள் அடுப்பின் நலமும் அறிய ஆவல். விடுதியில் விளக்கணைத்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. குளியலறையில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பயத்தால். ஈரமாக இருந்தால் குழாயால்.

அப்பா, ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். அம்மா போன பிறகு வீட்டைப் பூட்டி என்னை இந்தக் கப்பல்காரர் பிள்ளைகள் விடுதியில் சேர்த்தீர்களே, அன்று "உனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே, நீயே நிரப்பும்மா" என்று படிவத்தை என் கையில் கொடுத்தீர்கள். தந்தையின் வேலை என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: நேவி, மெர்ச்சன்ட் நேவி, கோஸ்ட் கார்டு, மெரைன்ஸ். நீங்கள் மெர்ச்சன்ட் நேவி என்று எனக்குத் தெரியும். ஆனால் மெர்ச்சன்ட் என்றால் வியாபாரி ஆயிற்றே, அப்பா எதையும் விற்பதில்லையே, சமைக்கத்தானே செய்கிறார் என்று யோசித்து நேவியில் டிக் போட்டுவிட்டேன்.

வந்த பிறகுதான் வித்தியாசம் புரிந்தது. நேவி என்றால் போர்ப்படை, கப்பலில் பீரங்கி இருக்கும். மெர்ச்சன்ட் நேவியில் சரக்குதான் இருக்கும், யாரும் யாரையும் சுடமாட்டார்கள். கோஸ்ட் கார்டு கரையோரக் காவல். கடத்துகிறவனைப் பிடிப்பார்கள், மூழ்குகிறவனைத் தூக்குவார்கள். மெரைன்ஸ் கப்பலில் போய் கரையில் இறங்கிச் சண்டை போடும் சிப்பாய்கள். இவ்வளவும் சொன்னது மேல் கட்டில் அக்கா. அவளுடைய அப்பா நிஜமான போர்க்கப்பலில் இருக்கிறார். கப்பலை போட் என்று சொல்லிவிட்டால் ஒரு நாள் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கப்பல்தான் போட்டைத் தூக்கிக்கொண்டு போகுமாம், போட் கப்பலைத் தூக்காதாம். உங்கள் பதவி என்ன என்று கேட்டாள். சீஃப் குக் என்பதில் முதல் பாதியை மட்டும் சொன்னேன். எத்தனை பீரங்கி என்றாள். அதெல்லாம் அப்பா வெளியே சொல்லமாட்டார் என்றேன். அன்றிலிருந்து சாப்பாட்டு வரிசையில் எனக்கு முதல் இடம் கிடைக்கிறது, பேசத்தான் ஆளில்லை. வாயைத் திறந்தால் கப்பலைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று எல்லோரிடமிருந்தும் தள்ளியே உட்காருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களைப் பார்க்க ஆள் வரும்போது நான் துணி துவைக்கிறேன். போன வாரம் அழுக்குத் துணியே இல்லை. துவைத்து மடித்ததையே எடுத்து மறுபடி துவைத்தேன்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை நேவி அதிகாரி ஒருவர் படிவங்களைச் சரிபார்க்க வருகிறாராம். பொய் எழுதியவர்களை அன்றே பெட்டியோடு வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அக்கா சொல்கிறாள். நான் எங்கே போவேன்? வீட்டுச் சாவி உங்களோடு நடுக்கடலில் இருக்கிறது. அதனால் கேப்டனிடம் பேசி எப்படியாவது வந்துவிடுங்கள், அவருக்குத்தான் உங்கள் சமையல் பிடிக்குமே. ஒரே ஒரு நாள் என் பக்கத்தில் நின்று, தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொன்னால் போதும்.

எண்ணெய் தெறிக்காமல் தள்ளி நின்று சமையுங்கள். கப்பலில் எல்லோருக்கும் என் வணக்கம், கேப்டனுக்கு மட்டும் இரண்டு.

இப்படிக்கு,
பயத்துடன் உங்கள் மகள்

பி.கு.: வார்டன் பிடித்துவிட்டார். நின்றபடியே முழுவதையும் படித்தார். "உங்கப்பா சம்பளச் சீட்டு படிவத்தோடதான் இருக்கு. நீ சேர்ந்த அன்னைக்கே கட்டத்தை மாத்திட்டேன். கடல்ல வேலை செய்யுற யார் பிள்ளைக்கும் இங்க இடம் உண்டு. போய்ப் படு" என்றார். அந்த அதிகாரியும் டீ குடித்துவிட்டுப் போகத்தான் வருகிறாராம். ஆகவே மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். என்னை யாரும் அனுப்பப் போவதில்லை. சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும், முயற்சி செய்கிறேன். நீங்கள் வருவதற்கு இப்போது ஒரு காரணமும் இல்லை. காரணம் இல்லாமல் வருவீர்களா, அப்பா?