மாப்பிள்ளையின் காருக்கு மாமனார் கொடுத்த சான்றிதழ்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் என் மகளும் சௌக்கியம். கார் சௌக்கியமில்லை. உங்கள் சௌக்கியத்தை முதலில் விசாரிப்பதுதான் முறை. ஆனால் இதைப் படித்து முடித்த பிறகு அது எந்த நிலையில் இருக்கும் என்று தெரியாததால், கடைசியில் விசாரித்துக்கொள்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்திரண்டு வருடம் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். பாய்லர் சரியில்லை என்று வாயால் சொன்னால் முதலாளி தோளில் கைபோட்டுச் சிரித்தபடியே நம்மை வாசல்வரை கொண்டுவிட்டுவிடுவார். எழுதிக் கொடுத்தால்தான் உட்கார்ந்து படிப்பார். அதோடு, நீங்கள் ஆறு மாத வேலைக்குக் கிளம்பியபோது என் மகள் போட்ட நிபந்தனை உங்களுக்கு நினைவிருக்கும். "நான் சொன்னா இவருக்குக் காதுல ஏறாதுப்பா. நீங்களே ஓட்டிப் பாருங்க. நாளைக்குக் கைக்குழந்தையை வச்சுக்கிட்டுப் போற வண்டியான்னு நீங்க சொல்லுங்க. சரின்னா இருக்கட்டும், இல்லேன்னா வித்துடலாம்" என்றாள். நீங்களும் தலையாட்டினீர்கள். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளை அந்த இன்ஜினுக்குள் கொட்டிய நீங்கள், மாமனார் நியாயமான மனுஷன் என்று நம்பித் தலையாட்டினீர்கள். அதை நினைத்தால் இப்போது எனக்கே பாவமாக இருக்கிறது.

நீங்கள் சொன்னபடியே வாரம் ஒருமுறை ஓட்டினேன். புகை வெளியே போகிற வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறிதான் டர்போ என்று நீங்கள் விளக்கியதும் நினைவிருக்கிறது. கம்பெனிக்காரன் அளவோடு திணித்த காற்றை நீங்கள் ட்யூனிங் என்ற பெயரில், ஒற்றைப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, இன்னும் ஒரு வாய் இன்னும் ஒரு வாய் என்று கூட்டி வைத்திருக்கிறீர்கள். "காத்தழுத்தம் காட்டுற பூஸ்ட் மீட்டர்ல முள் ஒண்ணைத் தாண்டக் கூடாது மாமா, தாண்டினா உடனே காலை எடுத்துடுங்க" என்றீர்கள். பத்து பார் அழுத்தம் காட்டுகிற மீட்டர்களைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். ஒரு பார் என்பது எனக்குக் கொசு தும்மிய மாதிரி. இருந்தாலும் ஒன்றுக்கு நேராகச் சிவப்பு டேப் ஒட்டிவைத்தேன். நான்கு வாரம் முள் டேப்பைத் தொட்டுவிட்டு மரியாதையாகத் திரும்பியது.

நன்றாக இருந்ததே, அப்படியே விட்டீர்களா என்று கேட்பீர்கள். விடவில்லை. ஓய்வு பெற்றவன் கை சும்மா இருக்குமா? பானட்டைத் திறந்தேன். துடைக்க வேண்டியதைத் துடைத்தேன், முறுக்க வேண்டியதை முறுக்கினேன். டர்போவுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் பருமனில் கறுப்பாக ஒரு ரப்பர் குழாய் இருந்தது. உள்ளே என்ன ஓடுகிறது என்று வெளியிலிருந்து பார்க்க வழியே இல்லை. பாய்லரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டக் கண்ணாடிக் குழாய் இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் சான்றிதழே கொடுக்கமாட்டேன். ஆகவே அந்தக் கறுப்புக் குழாயைக் கழற்றிவிட்டு, கண்ணாடி மாதிரி பளிச்சென்று தெரிகிற குழாய் ஒன்றைப் பொருத்தினேன். இந்த உபகாரத்துக்கு நீங்கள் நன்றியெல்லாம் சொல்ல வேண்டாம். (இதற்கிடையில் மீன் தொட்டியில் குமிழி வரவில்லை என்று உங்கள் அத்தை இரண்டு நாளாக ஒரே புலம்பல். அது வேறு கதை.)

செவ்வாய்க்கிழமை அத்தைக்குப் புது மூக்குக்கண்ணாடி வாங்கப் போனோம். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது, மேம்பாலத்தில், எங்களுக்கு முன்னால் ஒரு மணல் லாரி நகர்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தாண்டலாம் என்று லேசாக மிதித்தேன், சத்தியமாக லேசாகத்தான். கார் சீறியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. லாரி இருந்த இடத்தில் லாரி இல்லை.

"ஏங்க, எதுக்கு இவ்வளவு வேகம்?"

"நான் ஒண்ணும் பண்ணலை. காத்துதான் பண்ணுது."

"அந்தக் காத்தை நிறுத்துங்களேன்!"

முள் டேப்பைத் தாண்டி ஒன்றேகால், ஒன்றரை என்று ஏறியது. நான் காலை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. கோளாறு எதுவரை போகிறது என்று பார்ப்பதும் ஆய்வில் சேர்த்திதானே என்று அந்த நேரத்தில் தோன்றிவிட்டது. ஒன்று புள்ளி ஆறில் இன்ஜினே பொறுக்கமாட்டாமல் பெட்ரோலை நிறுத்திக்கொண்டது. பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி கார் குலுங்கியது. மறுபடி சீறியது, மறுபடி குலுங்கியது. மூன்றாவது குலுக்கலில் அத்தையின் புதுக்கண்ணாடி மூக்கைவிட்டுப் பறந்தது. பாலம் இறங்கி ஓரமாக நிறுத்திவிட்டு, இருவரும் சீட்டுக்கு அடியிலெல்லாம் தேடினோம். கடைசியில் அது என் சட்டைப் பையில் இருந்தது. எப்படி வந்தது என்பதற்கு என்னிடம் விளக்கமில்லை. அத்தை அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பாய்லர் பக்கத்துல நின்ன காலத்துலகூட நீங்க என்னை இப்படிப் பயமுறுத்தினதில்லை" என்றாள். அதற்குப் பிறகு வீடுவரை ஆமை வேகத்தில்தான் ஓட்டினேன்.

மாப்பிள்ளை, விளையாட்டாக எழுதிக்கொண்டு போகிறேனே தவிர, வீடு வந்த பிறகும் அரைமணி நேரம் காரைவிட்டு இறங்காமல் ஸ்டியரிங்கையே பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தை உட்கார்ந்திருந்த சீட்டில் என் மகளை நினைத்துப் பார்த்தேன், பின்சீட்டில் இன்னும் பிறக்காத அந்தக் குழந்தையையும். எனக்குப் பயமாக இருந்தது. அழுத்தம் என்பது ஆசை வைக்கிற விஷயமே இல்லை. உங்கள் கைவேலை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு காற்று, அதை அடக்கிவைக்கத் தெரியாத ஒரு மனுஷன், இரண்டும் ஒரே வண்டியில் இருக்கக் கூடாது. 'குடும்ப உபயோகத்துக்குத் தகுதியற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மகளிடம் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஒருவர் காரைப் பார்க்க வருகிறார். என்னை மன்னித்துவிடுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள். நீண்ட ஆயுளும் நிதானமான வலது காலும் உங்களுக்கு வாய்க்கட்டும். அத்தை தன் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொன்னாள். ஆரம்பத்தில் பாக்கி வைத்ததை இப்போது கேட்கிறேன்: சௌக்கியமா?

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள், நீங்கள் புரொபசர் என்று கூப்பிடுகிற உங்கள் மெக்கானிக் வந்துவிட்டார். வாங்க வருகிறவருக்குக் காட்டும் முன் ஒருமுறை பார்க்கட்டும் என்று மகள்தான் அழைத்திருந்தாள். அவர் பானட்டைத் திறந்தார், ஐந்து நிமிடம் தலையை உள்ளே விட்டுத் துழாவினார். பிறகு உருகிச் சுருண்டு ஓட்டையாகிப்போன எதையோ இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன சார்?"

"டியூப். உள்ள என்ன ஓடுதுன்னு தெரியணுமில்ல?"

"காத்து சார். காத்து எப்படித் தெரியும்?"

அழுத்தம் கூடினால் திறந்துவிட ஒரு கதவு இருக்கிறதாம். அந்தக் கதவுக்குச் சேதி சொல்வது அந்தக் கறுப்புக் குழாய்தானாம். சூட்டில் என் குழாய் உருகியதும் சேதி போகவில்லை, கதவு திறக்கவில்லை, முள் ஏறிவிட்டது. அதாவது, சேஃப்டி வால்வுக்குப் போகிற குழாயை இன்ஸ்பெக்டரே கழற்றியிருக்கிறார். இதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது அத்தை வெளியே வந்து, "அட, என் மீன் தொட்டி டியூப்!" என்றாள்.

பழைய குழாயை மாட்டி, புரொபசர் ஓட்டிக் காட்டினார். முள் டேப்பைத் தொட்டு, நின்றது. மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை. அறிக்கையைக் கிழிப்பது எங்கள் வேலையில் குற்றம். மகளிடம் கொடுத்த சான்றிதழை வாங்கி, அதன் கீழேயே 'கோளாறு காரில் இல்லை, ஆய்வாளரிடம்' என்று எழுதித் திருப்பி நீட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாங்க இருந்தவரிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "அப்ப வண்டி இருக்கட்டும்ப்பா. இனிமே பானட்டைத் தொடமாட்டேன்னு மட்டும் எழுதிக் குடுங்க" என்றாள். கொடுத்துவிட்டேன். சாட்சிக் கையெழுத்து அத்தை.

நீங்கள் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அந்த மேம்பாலத்துக்கு அழைத்துப் போங்கள். நீங்களே ஓட்டுங்கள். நான் எதையும் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். வேலையை விட்டு வந்த நாளிலிருந்து எனக்குப் பார்க்க ஒரு முள் இல்லை, மாப்பிள்ளை.