மாடிப்படிக்குக் கீழே ஒரு மத்திய வங்கி

ஒரு நாட்டின் மத்திய வங்கி எப்படி நடக்கிறது என்று பார்க்க மும்பை வரை போக வேண்டியதில்லை. கிழக்குத் தாம்பரத்தில் வங்கித் தேர்வுக்குப் படிக்க நாங்கள் தங்கியிருந்த ஹாஸ்டலின் மாடிப்படிக்குக் கீழே எட்டிப் பார்த்தாலே போதும். கவர்னர் உட்கார்ந்திருப்பார்.

கவர்னர் என்பது நாங்கள் வைத்த பெயர்; நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை. மத்திய வங்கி வேலைக்கான தேர்வுக்கு வருஷக்கணக்காகப் படித்துக்கொண்டிருந்தார். படித்ததைச் செய்து பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு கோடையில் ஹாஸ்டலில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. கவர்னருக்கு ஆள ஒரு நாடு கிடைத்துவிட்டது.

நீல டிரம்களை வாங்கிப் பூட்டுப் போட்டார். ஒவ்வோர் அறையும் பிடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கை அவரிடம் கட்டாயம் ஊற்றிவைக்க வேண்டும். அவசரத்துக்கு ஒரு பக்கெட் கடன் வாங்கினால், திருப்பித் தரும்போது கூடவே ஒரு மக் வட்டி. வெயில் ஏறியதும் வட்டி இரண்டு மக் ஆனது.

"அநியாயம்ணா!" என்றேன்.

"வட்டி ஏறினாத்தான் நீ பாடிக்கிட்டே குளிக்கிறத நிறுத்துவே."

நிறுத்தினேன்.

வட்டியைத் தனியாக முடிவு செய்தார் என்று நினைக்காதீர்கள். அதற்கு ஒரு குழு. பாதிப் பேர் கவர்னர் தரப்பு. மீதி, ஹாஸ்டல் ஓனர் கைகாட்டிய சமையல்காரரும் வாட்ச்மேனும் எதிர் ஜெராக்ஸ் கடைக்காரரும். ஓட்டு சமமாக விழுந்தால் கவர்னருக்கு இன்னொரு ஓட்டு.

ஒருநாள் மேல்மாடியில் குடியிருந்த ஓனர் இறங்கி வந்தார். புதுக் கார் கழுவ டிரம்மைத் திறக்கச் சொன்னார்.

"முடியாது சார். நீங்க அரசாங்கம். நான் மத்திய வங்கி. கேட்டப்பல்லாம் திறந்துவிட்டா நாடு என்னாகும்?"

"இன்னாபா பேஜாரா கீது! என் வூடு, என் மோட்டாரு, எனக்கே தண்ணி இல்லியா? மாசக் கடைசில ரூமைக் காலி பண்ணு!"

கவர்னர் முகம் வெளுத்தது. சாவியை மட்டும் தரவில்லை.

தேர்வு நாள் காலையில் தண்ணீர் ஏற்றும் மோட்டார் புகைந்து நின்றது. தண்ணீர் லாரியும் வரவில்லை. நாங்கள் எல்லோரும் வண்டலூர்ப் பக்கம் போய்த் தேர்வு எழுத வேண்டும். கவர்னர் டிரம்மைத் திறந்து ஆளுக்கொரு பக்கெட் கொடுத்தார். கடைசியில், துண்டு கட்டிய கோலத்தில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒருவர் தடவித் தடவி இறங்கி வந்தார். ஓனர்!

"கண்ணு எரியுதுபா..."

"எங்கேயும் கிடைக்காதவங்களுக்குக் கடைசியா கொடுக்கத்தான் சார் நாங்க இருக்கோம்" என்று பக்கெட்டை நீட்டிய கவர்னர், "வட்டி ரெண்டு மக்" என்றார்.

காலி பண்ணச் சொன்ன பேச்சை ஓனர் அப்புறம் எடுக்கவே இல்லை.

அந்தத் தேர்வில் கவர்னர் தேறி வேலையில் சேர்ந்து வடக்கே போய்விட்டார். இப்போதும் செய்தியில் மத்திய வங்கி கவர்னர் பேசுகிறார் என்றால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு டி.வி. முன்னால் ஓடி நிற்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு யாரோதான் பேசுகிறார்.