சிக்ஸர் இடப்பக்கம் மட்டும் திரும்பிய காலம்

இத்தாலியின் பலெர்மோவில் வழி தெரியாமல் சுற்றியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். எல்லா வழியும் தெரிந்துகொண்டே சுற்றியவன் எங்கள் சிக்ஸர் ஒருவன்தான்.

பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஓர் அறையில் நானும் அவனும் இருந்தோம். அவனுக்குப் பகலில் பல்கலைக்கழகம், மாலையில் உணவகத்தில் கோப்பை கழுவுதல், ஞாயிறுகளில் எங்கள் பெடியளோடு கிரிக்கெட். அவன் அடித்த பந்துகளைத் தேடியே எங்கள் பாதி ஞாயிறு போய்விடும்; சிக்ஸர் என்ற பட்டமும் அப்படி வந்ததுதான். இதைப் பார்த்த பல்கலைக்கழக பேஸ்போல் பயிற்சியாளர் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

முதல் ஆட்டத்துக்கு நானும் போனேன். பேஸ்போலில் அடித்தவன் மட்டையைப் போட்டுவிட்டு, இடப்பக்கமாகத் திரும்பித் திரும்பி நான்கு மூலையையும் சுற்றி வரவேண்டுமாம். சிக்ஸர் முதல் பந்தையே மதிலடிக்கு விரட்டினான். மட்டையோடு முதல் மூலைக்கு ஓடி, மட்டையால் நிலத்தைத் தொட்டான். பந்து இன்னும் வரவில்லை.

"வா மச்சான், வா! ரெண்டு இருக்கு!" என்று கத்தினேன்.

பறந்து வந்தான், புறப்பட்ட இடத்துக்கே. இரண்டு ஓட்டம் எடுத்த பெருமையில் மட்டையையும் உயர்த்திக் காட்டினான். நடுவர் அவனை வெளியே போகச் சொன்னார். பயிற்சியாளர் தலையில் கைவைத்தார்.

"என்னத்துக்கடா திரும்பி வந்தனீ?" என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

"நீதானேடா வா எண்டு கத்தினனீ!"

அன்றைக்கே சபதம் எடுத்தான். பழக்கம் மாறும்வரை வந்த வழியே திரும்புவதில்லை, வலப்பக்கம் திரும்புவதுமில்லை. தக்காளி வாங்கப் போனால் அடுத்த சந்தையான வுச்சீரியாவரை சுற்றித்தான் வீடு வருவான். ஒருநாள் மிளகாயைக் கடையிலேயே மறந்துவிட்டான். கடை பத்தடி பின்னால்.

"திரும்பிப் போய் எடுவன்டா."

"ஏலாது. சுத்தித்தான் வருவன். நீ போய்ச் சோத்தைப் போடு."

நான் சாப்பிட்டுக் கோப்பையும் கழுவிய பிறகு மிளகாய் வந்தது. கீழ்வீட்டு சினியோரா அம்மாவோ, பெடியன் ஊரைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறான் என்று நம்பி, கண்டால் சிலுவை போட்டு, பொரித்த சோற்றுருண்டை ஒன்றும் கொடுப்பார். நானும் நேர்த்தி என்று சொல்லி ஒன்று வாங்கினேன்.

அவன் படிப்பின் கடைசி வருடம், வடக்கே ஒரு தொழில்முறை அணி ஆள் எடுக்க வந்தது. இதை விட்டால் படிப்போடு பேஸ்போலும் முடிந்த மாதிரித்தான். பிறகு கோப்பை கழுவல்தான் வாழ்க்கை. காலையிலேயே கட்டளை போட்டான்:

"நீ வா மச்சான். ஆனா வாயைத் திறக்காதை."

மூன்றாவது பந்தை வேலியடிக்கு அடித்தான். முதல் மூலையில் ஒரு கணம் தடுமாறி என்னைப் பார்த்தான். நான் தோளில் கிடந்த துவாயை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். வெறுங்கையை வீசி இடப்பக்கம் திரும்பினான். இரண்டாவது, மூன்றாவது, கடைசி மூலையில் சறுக்கி விழுந்து வந்து சேர்ந்தான். பத்து நாளில் கடிதம் வந்தது, ஆளும் போய்விட்டான்.

இப்போது அவன் ஆட்டங்களைப் போனில் பார்க்கிறேன். போன ஞாயிறு, ஆட்டம் முடிந்ததும் அழைத்தான்.

"பாத்தனியே? எப்பிடி என்ரை ஆட்டம்?"

"ஆட்டம் ஒண்டும் விளங்கேல்லை. முழங்காலிலை ரத்தம் வந்தது. மருந்து போட்டனியே?"

"ஓம், போட்டனான்" என்றான்.

பேஸ்போல் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் அவனுடைய ஆட்டம் ஒன்றையும் நான் தவறவிட்டதில்லை.