உடும்பு சர்வர் வைத்த கதை

ஒரு காட்டில் ஓர் உடும்பு இருந்தது. அந்தப் புத்திசாலி நான்தான். சிரிக்காதீர்கள், கதை முடிந்ததும் மொத்தமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

எங்கள் காட்டில் ஒரே ஒரு குளம். அதை மண் போட்டு மூடி ஜீப் நிறுத்துமிடம் ஆக்கப்போவதாக அதிகாரி கரடியார் அறிவிப்பு ஒட்டினார். ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் மனு கொடுக்கலாமாம். அந்தக் குளத்திலேயே பிறந்து வளர்ந்த ஆமையக்கா அழுதுகொண்டே என்னிடம் வந்தாள்.

"தம்பி, உனக்குத்தான் எழுத்து வரும். நாலு வரி எழுதிக் குடுத்துடுப்பா."

நாலே வரி. ஓர் ஆலிலையில் எழுதியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நமக்குத்தான் கை சும்மா இருக்காதே!

"இது காட்டுப் பிரச்சினைக்கா. எல்லாரும் ஒரே பக்கத்துல, ஒரே நேரத்துல சேர்ந்து எழுதணும்," என்றேன்.

"அதுக்குத்தான் இணையத்துல வசதி ரெடியா இருக்காமே?" என்றது மயில்.

"ஐயோ! நம்ம எழுத்தை எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல வைக்கிறதா? என் பொந்துல, நம்ம சொந்த சர்வர்ல வைப்போம்."

பிடித்தால் உடும்புப் பிடி அல்லவா? பிடித்தேன். முதல் வாரம் சர்வர் எழுந்திருக்கவே இல்லை. இரண்டாம் வாரம் எழுந்தது, ஆனால் தமிழெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மூன்றாம் வாரம் தமிழ் வந்தது, என்னைத் தவிர ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை. ஆமையக்கா தினமும் வந்து, "எழுதியாச்சாப்பா?" என்பாள். "இதோ ஆயிடுச்சுக்கா, ஒரே ஒரு செட்டிங்தான்," என்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நாட்களில் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

கடைசி நாளும் வந்துவிட்டது. வேறு வழி? என் பெயரையும் பாஸ்வேர்டையும் ஆலமரத்தில் எழுதி ஒட்டினேன். காடே உள்ளே நுழைந்தது. 'எங்கள் குளத்தை மூட வேண்டாம்' என்று நான் முதல் வரியை அடித்தேன். யானை மேலே 'மாண்புமிகு' சேர்த்தது. குரங்கு அதை அழித்துவிட்டுப் 'பேரன்புமிகு' போட்டது. முயல் எல்லா வரிக்கும் கலர் அடித்தது. மயிலுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"பெரியவங்களுக்குப் போற மனு. எடுத்த எடுப்பிலேயே 'வேண்டாம்'னு அபசகுனமாவா ஆரம்பிக்கிறது? 'வேண்டும்'னு மங்கலமா இருக்கட்டும்," என்று மாற்றியது.

அடடா! ஒரே நொடியில் எல்லார் திரையிலும் மாறிவிட்டது. அந்த வேகத்தைப் பார்த்து நான் கைதட்டினேன்.

மாலைக்குள் மனு போய்ச் சேர்ந்தது. எங்கள் காட்டு அலுவலகத்தில் ஒரு மனு மேசை மாறவே இரண்டு மழைக்காலம் ஆகும். இது மறுநாள் காலையிலேயே பாஸாகிவிட்டது. கரடியார் நேரில் வந்து கண்கலங்கினார்.

"'எங்கள் குளத்தை மூட வேண்டும்'னு காடே ஒருமனசா கேட்டது இதுதான் முதல் தடவை."

அவருக்குப் பின்னாலேயே மண் லாரி நின்றது.

"எவன்டா மாத்தினது?" என்று யானை பிளிறியது. நல்லவேளை, ஒவ்வொரு திருத்தத்தையும் செய்தவர் பெயரோடு என் சர்வர் குறித்து வைக்கும். பெருமையாகத் திறந்து காட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள். அத்தனைக்கும் நேரே ஒரே பெயர்: உடும்பு.

"அடப்பாவி!" என்றது மயில், தோகையைச் சரிசெய்துகொண்டே.

அன்று மாலை ஆமையக்கா மூட்டையோடு என் பொந்து வாசலுக்கு வந்தாள். "ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. பரவாயில்லையாப்பா?"

நான் மூட்டையை வாங்கிக்கொண்டேன். அவள் உள்ளே எட்டி, மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்த சர்வரைப் பார்த்தாள்.

"கவலைப்படாதே தம்பி. எனக்கு முன்னாடியே ஒண்ணு புகுந்துடுச்சு."

நீதி: சொந்தமாக ஒரு சர்வர் இருந்தால் போதும். நம் குளத்தை மூட அடுத்தவன் தயவு தேவையில்லை.